தண்ணீர் எடுக்கப் போனவள்

ஜனவரி 19, ஞாயிறு

சாப்பாட்டு மேசையை இன்றும் நானே துடைத்தேன். மாத்திரை டப்பா, கரண்டு பில், என் மகள் தங்கமணியின் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு நாலு நாற்காலியையும் இழுத்துப் போட்டேன். யாரும் வரவில்லை. பேத்தி மிருதுளா தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"ஞாயித்துக்கெழமை கூட ஆபீசா கண்ணு?"

"ஒரு வேலை இருக்குது அம்முச்சி."

"அப்ப ஆட்டம்?"

"புதுப் பதிப்பு வரட்டும். வந்ததும் புதுசா ஆரம்பிச்சுக்கலாம். பழைய புஸ்தகத்துல ஏகப்பட்ட ஓட்டை."

அந்த ஓட்டைப் புத்தகத்தை வைத்துத்தான் மூன்று வருடம் ஆடினோம். ஆட்டத்தின் பேர் பாழூர்ப் பாதை. தாயம் மாதிரி கட்டம் கிடையாது, காய் கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேசம் எடுத்துக்கொள்வோம். மிருதுளா நடத்துனர். எதிரே என்ன இருக்கிறது, கதவா, பாம்பா, கொள்ளைக்காரனா என்று அவள் சொல்வாள். நாங்கள் என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம். நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும். பகடை உருண்டு கட்டிலுக்கடியில் ஓடிக்கொண்டே இருந்ததால், நான்தான் அரிசி அளக்கும் பித்தளைப் படியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். அதற்குள் போட்டால் டணார் என்று சத்தம் வரும், ஓடவும் ஓடாது. அதிலிருந்து படி இல்லாமல் ஆட்டம் இல்லை.

ஜெபசிங் வைத்தியன். ஹேமலதா வில்லாளி. இரண்டு பேரும் மிருதுளாவோடு வேலை பார்க்கிறவர்கள். நாலாவது ஆள் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது நாற்காலி காலியாக இருந்தது. சும்மா உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். என் வேசம் செம்பாயி.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வரமுடியாமல் போனால், கதையில் அந்த ஆளைச் சாகடிக்க முடியாது, கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. அதனால் 'தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார்' என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் குடத்தோடு வந்து சேர்ந்துகொள்வார். ஜெபசிங் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது வைத்தியன் தண்ணீர் எடுக்கப் போனான். ஹேமலதாவுக்குக் காய்ச்சல் வந்தபோது வில்லாளி போனாள். ஐப்பசியில் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். செம்பாயி போனாள்.

இன்னும் கிணற்றடியில்தான் நிற்கிறாள்.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் அரிசி அளக்கப் போனால் படியைக் காணோம். மேல் அலமாரி, கீழ் அலமாரி, தொட்டிக்கடி எல்லாம் தேடியாயிற்று. டம்ளரால் அளந்து போட்டேன், சோறு குழைந்துவிட்டது. "கைக்கணக்கு கூட மறந்து போச்சா உனக்கு?" என்றாள் தங்கமணி. அவள் மாமியாரிடம் ஒரு வார்த்தை இப்படிப் பேசியிருப்பாளா?

சாயங்காலம் பார்த்தால் படி அதே இடத்தில் இருக்கிறது. சரசு எடுத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்கு வருவதில்லைதான். வேறு யார் எடுப்பார்கள்?

பிப்ரவரி 11, செவ்வாய்

புதுப் பதிப்பில் என்ன வேண்டும் என்று பழைய ஆட்டக்காரர்களிடம் எல்லாம் கேட்கிறார்களாம். ஆட்டப் புத்தகத்தைப் போடுகிற கூட்டத்தில் மிருதுளாவும் ஜெபசிங்கும் ஹேமலதாவும் இருக்கிறார்கள். எழுதுகிற வேலை பாதி அவர்களுடையது. மிருதுளா கைப்பேசியைப் பார்த்துப் படித்தாள். ஒருவன் டிராகன் வேண்டும் என்கிறான். ஒருத்தி படம் கலரில் வேண்டும் என்கிறாள்.

"நீ என்ன கேக்கற அம்முச்சி?"

"சாட்சியில கை வெக்காதீங்க."

செம்பாயி சாட்சி. வில்லாளிக்கு வில், வைத்தியனுக்கு மருந்து, சாட்சிக்கு ஞாபகம். ஆட்டத்தில் யார் எப்போது சொன்னதையும் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டால், சொன்னவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நடத்துனராக இருந்தாலும் சரி. 'இந்தப் பாலத்தில் ஆபத்து எதுவும் இல்லை' என்று இரண்டு வருசம் முன்னால் மிருதுளா ஆடியில் சொன்னதை நான் கார்த்திகையில் எடுத்து நீட்டினேன். பாலம் நின்றது. ஜெபசிங் நாற்காலியோடு எகிறிக் குதித்தான். "பாட்டி, ஒங்களுக்கு மண்டைக்குள்ள டேப் ரிக்கார்டரால்லா வச்சிருக்கு!"

எனக்கு மூணாங்கிளாஸ் படிப்பு. "பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு போதும்" என்று சிலேட்டைப் பிடுங்கி கூரை எரவாணத்தில் செருகினவன் என் அண்ணன். அப்போது அவன் வாயில் கடலை மிட்டாய் இருந்தது. மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் இருந்தபோது மேஸ்திரி யார் யாரை என்ன சொன்னான் என்று இன்றைக்கும் சொல்வேன். எல்லாவற்றையும் வைத்திருந்து என்ன பிரயோசனம்? கேட்க ஆள் கிடையாது. "பழசைக் கிளறாதே" என்பார்கள். அந்த மேசையில் மட்டும்தான் நான் பழசைச் சொன்னால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்று புத்தகத்திலேயே போட்டிருந்தது.

இன்னொன்றும் கேட்டேன். தண்ணீர் எடுக்கப் போகிற வழக்கத்தைப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும். போனவர்களைத் திரும்பக் கூட்டிவருவது கூட இருப்பவர்கள் கடமை என்று போட வேண்டும்.

"கண்டிப்பா. புதுப் பதிப்பு வந்ததும் மொத வேலையா செம்பாயியக் கெணத்தடியில இருந்து கூட்டிட்டு வர்றோம்" என்றாள்.

அவள் சொன்னது இதுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

நான் சொன்னதை மிருதுளா எழுதிக்கொள்ளவில்லை. தலையைத்தான் ஆட்டினாள்.

மார்ச் 9, ஞாயிறு

படி இன்றும் காலையில் இல்லை. நான் கேட்கவில்லை. டம்ளரில் தண்ணீரைக் குறைத்து வைக்கப் பழகிவிட்டேன்.

நேற்று நான் பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மிருதுளா பக்கத்து அறையில் கைப்பேசியைச் சத்தமாக வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஹேமலதாவின் குரல். "பாட்டி இருந்தா நான் வரல மிருது. அந்த டேபிள்ல உக்காரவே எனக்குப் பயமா இருக்கு."

பயமாம். நான் என்ன கத்தியா வைத்திருந்தேன்?

நடந்ததை எழுதிவைக்கிறேன். ஆபரேசனுக்கு முந்தின ஆட்டம். கதையில் கயிற்றுப் பாலம். ஒருவர் இந்தப் பக்கம் நின்று கயிற்றைப் பிடித்தால்தான் மற்றவர்கள் தாண்ட முடியும். ஜெபசிங்கின் வைத்தியன் நான் நிற்கிறேன் என்றான். நிஜத்தில் அவன் ஹேமலதாவைக் கல்யாணம் பண்ணிக்கொள்வதாக இருந்தது, நிச்சயத்துக்குப் புடவை எடுத்தாகிவிட்டது. நான் செம்பாயி என்ன செய்வாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஹேமலதா என்னைப் பார்த்து, "பாட்டி, சீக்கிரம் சொல்லுங்க, எல்லாருக்கும் வீடு வாசல் இருக்கு" என்றாள். எல்லாருக்கும் இருக்கிறது. எனக்கு இல்லை என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு வைத்தியன் பக்கம் திரும்பி, உருகி, "உன்னை விட்டுட்டு நான் எங்க போவேன்" என்றாள்.

நான் சாட்சி. இரண்டு வாரம் முன்பு வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "ஜெபாவப் பாத்தா பாவமாத்தான் இருக்கு பாட்டி. வேணாம்னு சொல்ல தைரியம் வரல, அதான் சரின்னுட்டேன்."

டணார் என்று சத்தம் வரவில்லை. யாரும் பகடை போடவில்லை. ஜெபசிங் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். திரும்பி வந்து உட்காரவில்லை.

"அது சமையக்கட்டுல பேசுனது அம்முச்சி. ஆட்டத்துல பேசுனதத்தான் சொல்லோணும்" என்றாள் மிருதுளா. இந்த வீட்டில் மேசைக்கும் சமையலறைக்கும் நடுவே கதவே கிடையாது. எங்கே ஆட்டம் முடிகிறது, எங்கே சமையல் ஆரம்பிக்கிறது என்று புத்தகத்தில் போட்டிருந்ததா? அதுதான் அவள் சொன்ன ஓட்டை போலிருக்கிறது.

நிச்சயம் தள்ளிப்போனதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? சொன்னது அவள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக்கு வரும் என்றார்கள். படம் வரைகிறவன் முடிக்கவில்லையாம். மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ கொஞ்சம் கூடிவிட்டது. எல்லாரும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

மே 18, ஞாயிறு

ஜெபசிங் வந்தான். மிருதுளாவின் அலமாரியில் இருக்கும் பழைய வரைபடங்கள் வேண்டுமாம். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். அவனைப் பார்த்து ஏழு மாதம் இருக்கும், இளைத்திருந்தான்.

"நல்லாருக்கியளா பாட்டி? கண்ணு தெளிவாத் தெரியுதா?"

"தெரியுது. முன்னாடி தெரியாததெல்லாம் தெரியுது. உள்ள வா."

"இல்ல பாட்டி, வண்டி கீழ நிக்கி. அவசரம்."

"எங்க அவசரம்? ஆட்டமா?"

அவன் மிருதுளாவைப் பார்த்தான். மிருதுளா சுவரைப் பார்த்தாள்.

"புத்தக வேலை பாட்டி. அச்சுக்கு அனுப்பணும்லா."

"சாட்சிய என்ன பண்ணீங்க?"

"அதுல சில மாத்தம் உண்டு பாட்டி. நெறைய பேரு அது ஆட்டத்த நிறுத்திருதுன்னு சொன்னாவ."

"நெறைய பேர்னா? பேர் சொல்லு."

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நீங்க போட்ட காப்பியக் குடிச்சு நாளாச்சு" என்றான். நான் டிக்காசன் இறக்கிப் பாலைச் சுடவைத்துக் கொண்டுவந்தபோது வாசலில் ஆள் இல்லை. அந்தக் காப்பியை நானே குடித்தேன். சர்க்கரை அவனுக்குப் போடுகிற மாதிரி மூன்று கரண்டி போட்டிருந்தேன், வாயில் வைக்க முடியவில்லை.

ஜூலை 28, திங்கள்

அரிசி அளந்து கொட்டும்போது படிக்குள்ளிருந்து நீலப் பகடை ஒன்று கல் மாதிரி விழுந்தது. ஜெபசிங்கின் பகடை. வேறு யார் தொட்டாலும் கோபித்துக்கொள்வான்.

அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். பகடையைக் கழுவி என் திருநீற்று டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். அவன் தேடட்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஹேமலதாவுக்கும் ஜெபசிங்குக்கும் நேற்று நிச்சயம் முடிந்ததாம். ஒரு இனிப்புப் பெட்டி மட்டும் வந்தது. முந்திரிக் கேக்.

கடைசியில் நடந்ததா இல்லையா? நான் கெடுத்திருந்தால் எப்படி நடக்கும்? இதை இந்த வீட்டில் ஒருவராவது வாய்விட்டுச் சொல்கிறார்களா என்று பார்த்தேன். கேக்கில் நெய் இல்லை, டால்டா.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

குழந்தைவேலு போன் பண்ணினான். என் மகன்தான், திருப்பூரில் இருக்கிறான். "நல்லாருக்கியாம்மா" என்றான். நல்லாயிருக்கிறேன் என்றேன். அவன் மருமகள் சீமந்தத்துக்கு என்னை எந்தப் பந்தியில் உட்காரவைத்தார்கள் என்று ஞாபகப்படுத்தினேன். லைன் கட்டாகிவிட்டது. பண்டிகை நாளில் இப்படித்தான்.

"அது கட்டானதா, அவன் வெச்சதா?" என்றாள் தங்கமணி முறுக்கு பிழிந்துகொண்டே.

"கட்டானதுதான்."

"அம்மா, உனக்கு எதையுமே மறக்கத் தெரியாதா?"

"உனக்கு வேணும்கறப்ப மட்டும் மறக்கணும், ரேசன் கார்டு எங்கிருக்குதுன்னு நீ கேக்கறப்ப மட்டும் ஞாபகம் வரணும். அதானே?"

அவள் முறுக்கு அச்சைப் பார்த்துக்கொண்டே, "நாங்க எல்லாருமே உன்கிட்டப் பேசறதுக்கு முன்னாடி யோசிக்கறோம்மா. அது உனக்குத் தெரியுதா?" என்றாள்.

யோசித்துப் பேசுவது நல்லதுதானே.

புதுப் பதிப்பு அடுத்த மாதமாம்.

நவம்பர் 12, புதன்

வந்துவிட்டது. கூரியர்காரன் என்னிடம்தான் கையெழுத்து வாங்கினான். மிருதுளா வரும்வரை பொறுக்கவில்லை, அரிவாள்மனையில் வைத்துக் கட்டைக் கிழித்தேன். கெட்டி அட்டை, வழவழ தாள், படமெல்லாம் கலர். புது மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை.

எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன், நேரமாகிறது. வில்லாளி இருக்கிறாள். வைத்தியன் இருக்கிறான். களவாணி, பாம்பாட்டி, கொல்லன் என்று புதுசாக மூன்று பேர். சாட்சியைக் காணோம். திரும்ப முதலிலிருந்து புரட்டினேன். பின்னால் ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'முதல் பதிப்பில் இருந்த சாட்சி இந்தப் பதிப்பில் இல்லை. பல மேசைகளில் ஆட்டத்தின் மகிழ்ச்சியைக் குலைத்ததால் நீக்கப்பட்டது.'

பல மேசைகளாம்.

தங்கமணி சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் புரை எடுத்த கண் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. வழியில் எதிர்ப்படும் பேய், பூதம், கொள்ளைக்காரர்கள் பகுதியில் ஒரு படம். கிணறு. பக்கத்தில் ஒரு கிழவி, இடுப்பில் குடம். காது வளர்த்திருக்கிறாள். என் காதுதான். வலது காது மடலில் இருக்கும் கிழிசல் கூட அப்படியே.

அதில் எழுதியிருப்பதை இங்கே எடுத்து எழுதுகிறேன்.

'கிணற்றடிக்காரி. தண்ணீர் எடுக்கப் போனவள். கூட வந்தவர்கள் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவள் அங்கேயே நின்று பேயானாள். வருகிற யாரையும் தண்ணீர் குடிக்க விடமாட்டாள். அவளை அடித்து வெல்ல முடியாது. வாங்கிய ஒவ்வொரு அடியையும் ஞாபகம் வைத்திருந்து இரட்டிப்பாகத் திருப்பித் தருவாள். ஓடினாலும் பின்னால் வருவாள். பயணிகளில் ஒருவர் பேர் சொல்லி "வா, போகலாம்" என்று கூப்பிட்டால், குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கூட வந்துவிடுவாள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்து பார்ப்பதில்லை.'

தெரிந்திருக்கிறது. வழி தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எழுதி, படம் போட்டு, அச்சடித்து ஊரெல்லாம் விற்கிறார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

மிருதுளாவின் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன். அவள் தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது.

"நீ படிப்பேன்னு நெனைக்கல அம்முச்சி."

"மூணாங்கிளாஸ்தானே, எங்க படிக்கப் போறான்னு நெனச்சீங்க."

"அப்படியில்ல…"

"ஞாயித்துக்கெழமை படி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதுன்னும் நெனச்ச."

அவள் முகம் சுருங்கிவிட்டது. ஜெபசிங் வீட்டில் பொங்கலிலிருந்து ஆடுகிறார்களாம். என்னிடம் சொல்லத் தைரியமில்லையாம். புதுப் பதிப்பு வரட்டும் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டார்களாம்.

"பிப்ரவரியில நீ என்ன சொன்ன? 'புதுப் பதிப்பு வந்ததும் மொத வேலையா செம்பாயியக் கெணத்தடியில இருந்து கூட்டிட்டு வர்றோம்.' சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"பேயாக்கி வெச்சிருக்கற."

"அந்தப் பக்கத்த நான் எழுதல அம்முச்சி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஹேமா எழுதுனா. கூப்புட்டா வந்துருவாங்கறதும் அவ போட்டதுதான். நானும் ஜெபாவும் வேண்டாம்னோம். அவதான் அது இருக்கோணும்னு சண்டை போட்டா."

தோசை ஆறிப்போயிற்று. இன்னொன்று ஊற்றிக் கொடுத்தேன். எனக்குக் கோபம் என்பதற்காக அவள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

நவம்பர் 15, சனி

எழுத ஒன்றுமில்லை. மேசையைத் துடைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் படி அதன் இடத்திலேயே இருந்தது. அரிசி அளந்தேன், பருப்பு வேகவைத்தேன். பத்து மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஹேமலதா. பின்னால் படிக்கட்டில் இரண்டு படி கீழே ஜெபசிங், கோயிலில் செருப்புக்குக் காவல் நிற்கிறவன் மாதிரி. மிருதுளா எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

ஹேமலதா வணக்கம் சொல்லவில்லை. நல்லாயிருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்து, "செம்பாயி, வா, போகலாம்" என்றாள்.

வார்த்தை பிசகாமல் சொன்னாள்.

கரண்டி கையில் இருந்தது. நான் சொன்னேன்: "பாட்டி இருந்தா நான் வரல மிருது. அந்த டேபிள்ல உக்காரவே எனக்குப் பயமா இருக்கு."

மிருதுளா "அம்முச்சி!" என்றாள். ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டான்.

ஹேமலதா அசையவில்லை. "ஆமா, சொன்னேன். பயமாத்தான் இருந்துச்சு. இப்பவும் இருக்கு" என்றாள். "இப்ப வாங்கன்னு சொல்றேன். அதை ஞாபகம் வெச்சிருக்கீங்கல்ல, இதையும் வெச்சுக்கோங்க."

உள்ளே பருப்பு தீய்கிற வாசனை வந்தது. "கண்ணுக்கு மருந்து விட்டிருக்கறன். வெயில்ல போகக்கூடாது" என்றேன். மருந்தை நிறுத்தி மாதக்கணக்காகிறது. மிருதுளாவுக்குத் தெரியும்.

மிருதுளா வழக்கம்போல் படியை எடுக்கச் சமையலறைக்குப் போனாள். ஹேமலதா, "அது இங்கயே இருக்கட்டும் மிருது. அவங்களே எடுத்துட்டு வரட்டும்" என்றாள். மூன்று பேரும் இறங்கிப் போனார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஜெபசிங் ஒரு தடவை மேலே திரும்பிப் பார்த்தான். நான் திரையை விட்டுவிட்டேன்.

படி இல்லாமல் இன்றைக்குப் பகடை எல்லாம் கட்டிலுக்கடியில் ஓடும். குனிந்து குனிந்து எடுக்கட்டும்.

தீய்ந்த பாத்திரத்தைத் தேய்த்தேன். படியையும் புளி போட்டுத் தேய்த்துத் துடைத்து மேசை நடுவில் வைத்தேன். திருநீற்று டப்பாவைத் திறந்து நீலப் பகடையை எடுத்தேன். ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். டணார் என்று வீடெல்லாம் கேட்டது. தங்கமணி அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். என்ன விழுந்தது என்று எழுதப்போவதில்லை.

ஆனால் ஒன்று. அந்தப் புத்தகத்தில் பிழை இருக்கிறது. கூப்பிட்டதும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவாள் என்று போட்டிருக்கிறார்கள். அப்படியெல்லாம் உடனே வரமாட்டாள். ஒரு தடவை கூப்பிட்டால் போதாது, இரண்டு தடவை கூப்பிட வேண்டும். அடுத்த பதிப்பில் திருத்தச் சொல்ல வேண்டும்.